ஏழுக்கு எத்தனை

முதல் தாளுக்கு முழு மதிப்பெண் போடக்கூடாது, போட்டுவிட்டால் அடுத்த தாள் அதைவிட நன்றாக இருக்கும்போது எங்கே போய் முட்டிக்கொள்வது, பத்தொன்பது வருஷமாகப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தாள் திருத்துகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் முதல் புல்லாங்குழலுக்கு நாலு போட்டேன். ஏழுக்கு நாலு. நூற்றுக்கு என்று பார்த்தால் ஐம்பத்தேழு, நல்ல பாஸ்தான், வீட்டில் போய் தைரியமாகக் காட்டலாம். திரையில் கேள்வி அசையாமல் நிற்கிறது, இந்த வாசிப்பில் எவ்வளவு உணர்ச்சி இருந்தது, கீழே ஒன்றிலிருந்து ஏழு வரை வட்டங்கள், ஒன்று என்றால் துளியும் இல்லை, ஏழு என்றால் ததும்பியது. ததும்பவெல்லாம் இல்லை. மொத்தம் இருபது துண்டுகள், இருபதும் ஒரே பாட்டு, மோகனமாம், ஒவ்வொன்றும் முக்கால் நிமிஷம், சிலதை மனுஷர்கள் ஊதியிருக்கிறார்கள், சிலதைக் கம்ப்யூட்டர் ஊதியிருக்கிறது, எது எதுவென்று சொல்லமாட்டார்கள், அதுதான் சோதனை. ஹெட்போன் என்னவோ என் மல்லிகைப்பூவைத்தான் சோதிக்கிறது, அரைமணி நேரத்தில் சரம் சப்பட்டையாகிவிடும், நிச்சயத்துக்குப் போகிறவள் தலையில் நசுங்கின பூவோடு நின்றால் என் தம்பி பொண்டாட்டி ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள், அது போதும். அரக்குப் பட்டுப்புடவை, கழுத்தில் இரண்டு சங்கிலி, சுவர் முழுக்க பஞ்சு ஒட்டின ஏசி அறை, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண் ஷெரின் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், பதிலுக்கு நானும் சிரித்துவைக்கிறேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது துண்டு தொடங்குகிறது.

நான் பாட்டுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு இந்தக் கல்லூரிக்கு வா, சேர்ந்து உடுமலை பஸ் பிடிக்கலாம் என்று சொல்லியிருந்தார் வீட்டுக்காரர், அவர் சொல்கிற மூன்று மணி எந்த ஊர் மூன்று மணி என்று எனக்குத் தெரியும், அதனால் இரண்டேகாலுக்கே வந்துவிட்டேன், ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் என் தம்பி மகள் நிச்சயத்திலும் இவர் நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். அப்போதுதான் இந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள், மேடம் அரைமணி நேரம் இருக்குமா, ஒரு பாட்டு வாத்தியார் வரவேண்டியது, சளி பிடித்துக் காது அடைத்துவிட்டதாம், இருபத்துநாலு பேர் கேட்டால்தான் கணக்கு நிற்கும், இருபத்துமூன்று பேர் ஆகிவிட்டது, இன்றைக்கு ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள் என்றாள். வேறு கல்லூரியிலிருந்து இந்தச் சோதனைக்காகவே வந்தவள், ஆய்வு செய்கிறவரின் நிழல்கூட விழக்கூடாது என்று அவரைக் கட்டடத்துப் பக்கமே வரவிடாமல் அனுப்பிவைத்தவள். படிவத்தை நீட்டினாள். பெயர், வயது, காது கேட்குமா, சங்கீதம் கற்றதுண்டா. கடைசி வரியில் ஒரு கேள்வி, ஆய்வாளருக்கு நீங்கள் உறவினரா. பேனா அந்த இடத்தில் நின்றது. ஆமாம் என்று போட்டால் இவள் இன்னொரு ஆளுக்கு எங்கே போவாள், சனிக்கிழமை மத்தியானம், கேம்பஸில் நாய்கூட இல்லை. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். சின்ன டிக்தான். நான் வழக்கமாகப் போடுகிற டிக்கில் பாதி.

இரண்டாவதுக்கும் நாலே போட்டேன், வித்தியாசம் தெரியவில்லை. டிக் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. சும்மா உதவிக்குத்தான் போட்டேன் என்று யாரிடமாவது சொல்லலாம், என்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் பேனா நின்ற அந்த ஒரு நொடியில் எனக்குள் வேறொரு குரலும் கேட்டது, வா மகளே வா, இன்றைக்கு உன்னை நான் திருத்துகிறேன் என்று. ஏழு வருஷம். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு வந்து காபியை வாங்கிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் முதுகைத்தான் பார்க்கலாம், எனக்கு அவர் முகம் மறந்துபோய் முதுகு மனப்பாடமாகிவிட்டது, இடது தோளில் மச்சம், சட்டைக் காலரில் நைந்த இடம், தலையில் ஹெட்போன். அந்தக் கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது, சிரிப்பார், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரிப்பார். அவர் எழுதியது ஒரு புரோகிராம், ஸ்வரத்தைக் கொடுத்தால் புல்லாங்குழல் மாதிரி வாசிக்கும், வாசித்தால் மட்டும் போதாதாம், உயிரோடு வாசிக்க வேண்டுமாம். இத்தனைக்கும் எனக்கு அதை ஒரு தடவைகூடப் போட்டுக் காட்டியதில்லை, முடியட்டும் முடியட்டும் என்பார், எல்லாம் அந்த ஹெட்போனுக்குள்ளேயே நடந்தது. இப்போது இந்த மாதத்தோடு பிஎச்.டி. பதிவுக்காலம் முடிகிறது, இரண்டு தடவை நீட்டியாயிற்று, வழிகாட்டி அம்மாள் ரிடையராகிறார், கம்ப்யூட்டர் துண்டுகளின் சராசரி நாலைத் தொடவில்லையென்றால் ஆய்வேட்டைக் கட்டிவைத்துவிடச் சொல்லிவிட்டார். நாற்பத்தொன்பது வயதில் எதுக்கு மாமாவுக்கு டாக்டர் பட்டம், ஊசியா போடப்போறார் என்று என் தம்பி கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், இவரும் சிரித்தார். போன வருஷம் இவருடைய கட்டுரை ஒன்று திரும்பி வந்தபோது மூன்று நாள் தயிர்சாதம் தவிர எதையும் தொடாமல் பேசாமல் இருந்தாரே, அந்த மூன்று நாள்தான் எனக்குப் பயம். அது முப்பது நாளானால் என்ன செய்வேன்.

மூன்றாவது துண்டு. இது யார் இப்படி. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் விருட்டென்று ஒரு மூச்சு, அடுத்த வரிக்கு முன்னால் இன்னொன்று, சண்டைக்கு வருகிறவள் புடவையைச் செருகிக்கொள்கிற மாதிரி. பாட்டைவிட அந்த மூச்சுதான் காதில் விழுகிறது. இரண்டு போட்டேன், கருத்து எழுதுகிற கட்டத்தில் 'வாசிப்பவர் சிடுசிடுப்பாக இருக்கிறார்' என்றும் எழுதினேன், தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதாவிட்டால் எனக்குத் திருத்தின மாதிரியே இருக்காது. நாலாவது ஆள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார், மூன்று. ஐந்தாவது ஆள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக ஊதுகிறார், கேட்கிற எனக்கே தோள் இறங்குகிறது, ஆறு போட்டேன், ஏழு போடக் கை வரவில்லை, ஏழை யாருக்காகவோ வைத்திருக்கிறேன். ஆறாவதில் மறுபடியும் அந்தச் சிடுமூஞ்சி. அதே மூச்சு, கொஞ்சம் நீளம். உனக்கு என்னம்மா பிரச்சினை, ஊத வந்தாயா, கோபித்துக்கொள்ள வந்தாயா. இரண்டு. ஏழாவது முப்பத்துமூன்று மதிப்பெண் வாங்கின பிள்ளை, எங்கேயோ தடுமாறி எழுந்து முடித்துவிட்டது, முப்பத்துமூன்றை முப்பத்தைந்தாக்காமல் நான் எந்தத் தாளையும் மூடியதில்லை, கை தானாக நாலுக்குப் போய்விட்டது. எட்டாவது எந்தச் சலனமும் இல்லாத ஒன்று, மூச்சே இல்லை, தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே ஓட்டம், இதுதான் கம்ப்யூட்டராக இருக்கும், ஐயோ இதுதான் இவருடையதாக இருக்கும். ஏழு வருஷம் இதற்காகவா. ஒன்று என்று போடவேண்டியதற்கு மூன்று போட்டேன். இல்லை, இது நியாயமில்லை, மூன்றும் அதிகம், ஆனால் போட்டது போட்டதுதான், முந்தின துண்டுக்குத் திரும்பிப் போகிற பொத்தானே இந்தத் திரையில் இல்லை. ஒன்பதாவதில் அந்தச் சிடுமூஞ்சி மூன்றாவது முறையாக வந்து என் காதுக்குள் வெடுக்கென்று மூச்சிழுத்தபோது எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்துவிட்டது, ஒன்று போட்டேன். முழு ஒன்று. பத்தொன்பது வருஷத்தில் யாருக்கும் இப்படிப் போட்டதில்லை.

பத்து, பதினொன்று, இரண்டும் நல்ல பிள்ளைகள், ஐந்து, ஐந்து. மணி என்ன இருக்கும், புடவை மடிப்புக்குள் செல்போன் இருக்கிறது, எடுக்கக்கூடாது என்றாள். பஸ் கிடைத்து இரண்டு மணி நேரத்தில் போய்விட்டால் தட்டு மாற்றும்போது அத்தையாக நான் நிற்கலாம், பூவைச் சரிசெய்துகொள்ளப் பத்து நிமிஷம் வேண்டும். பன்னிரண்டு. திரையில் எண் வந்ததும் அந்த மூச்சு, மறுபடியும் நீயா என்று எனக்கு மூக்கு விடைத்து நானும் ஒரு மூச்சு இழுத்தேன், ஹெட்போன் காதை இறுக்க மூடியிருந்ததால் என் மூச்சு எனக்கே பலமாகக் கேட்டது, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், இடது மூக்கில் அடைப்பு உள்ளவளுக்கு வருகிற அந்தச் சின்ன விசிலோடு. நான் அசையாமல் உட்கார்ந்தேன். பாட்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வரிக்கு முன்னால் மறுபடி வந்தது, மூச்சை இழுத்து, பேச வாயைத் திறந்து, பேசாமல் உதட்டை மூடிக்கொள்கிற சத்தம். அது நான். கும்பிடுகிற சாமி மேல் சத்தியமாக அது நான். கம்ப்யூட்டருக்கு ஏது மூச்சு, எங்கேயாவது எடுத்துத்தானே ஆகவேண்டும். போன வருஷம் ஆவணியில், அன்னூரில் இவர் தங்கை மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், தாய்மாமன் இவர், பந்தல் முழுக்கச் சனம், ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை மொட்டைத்தலையில் சந்தனத்தோடு அழுகிறது, மாமன் எங்கே மாமன் எங்கே என்று ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள், மாமன் ஏதோ ஒரு கணக்கு ஓடி முடியட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். நான் வீடு வந்து சேர்ந்து வாயைத் திறக்கப்போனபோது இவர் ஒரு மைக்கை நீட்டி, கோதை, இதுல கொஞ்சம் மூச்சு விடு, மைக் சரியா இருக்குதான்னு பாக்கோணும் என்றார். விட்டேன். பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்ததால் மூச்சு மட்டும் விட்டேன். இன்னொண்ணு, இன்னொண்ணு என்றார். முப்பது நாற்பது தடவை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வசவு இருந்தது.

திரை காத்திருக்கிறது, ஏழுக்கு எத்தனை. எனக்குச் சிரிப்பு வருகிறது, வயிறு குலுங்குகிறது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஷெரின் நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு வருஷமாக, சாப்பாடு ஆறிப்போகிறது என்று நான் கத்தினது காதில் விழாத மனுஷன், ஹெட்போனுக்குள் என் மூச்சை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார். நான் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்தப்பக்கம் முகம் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததா. சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது, இந்த வயதில் என்ன வெட்கம். அப்புறம் சுருக்கென்றது. இரண்டு, இரண்டு, ஒன்று. என் கையால், என் மூச்சுக்கு. எவ்வளவு உணர்ச்சி இருந்தது என்றுதானே கேள்வி, நல்ல உணர்ச்சியா என்று யார் கேட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்ததே, உனக்கு என்ன பிரச்சினை என்று ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டேனே, ஏழு போட்டிருக்கவேண்டிய இடம். கேள்வியைப் படி, கேள்வியைப் படி என்று பிள்ளைகள் தலையில் குட்டுகிறவள், இன்றைக்கு யார் என் தலையில் குட்டுவது. சரி, இன்னும் ஒன்பது துண்டு இருக்கிறது, இதையும் சேர்த்து. அந்த மூச்சு வருகிற இடத்திலெல்லாம் ஏழு போட்டால் ஓரளவு சரிக்கட்டலாம், ஏழை யாருக்காக வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. மவுஸை ஏழின் மேல் கொண்டுபோய் வைத்தேன். விரல் அழுத்தவில்லை. எண் மறைத்துக் கொடுத்த தாள் இது, எனக்கு எண்ணுக்குள்ளே முகம் தெரிந்துவிட்டது, இனி நான் போடுகிற ஏழும் ஏழல்ல, போட்ட இரண்டும் இரண்டல்ல. திருத்தும் முகாமில் ஒரு தடவை தம்பி மூத்த மகளின் கையெழுத்து தெரிந்துவிட்டதும் தாள்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் முகாம் தலைமை அதிகாரி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், அன்றைக்கு எனக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. இன்றைக்கு ஆகிறது. இவருடைய ஏழு வருஷம் இந்தக் கட்டுக்குள் இருக்கிறது. நான் எழுந்துபோனால் இருபத்துமூன்று. கணக்கு நிற்காது. எழுந்துபோகாவிட்டால், சராசரி நாலரை வந்து அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அரை டிக் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஹெட்போனைக் கழற்றினேன். பூ மொத்தமும் அதோடு வந்துவிட்டது.

ஷெரினிடம் சொன்னேன். படிவத்தில் பொய் சொன்னேன், நான் வேலு சாரின் மனைவி, கம்ப்யூட்டர் விடுகிற மூச்சு என்னுடையது, என் தாளை அடித்துவிடு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, என் முகத்தையும் புடவையையும் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்து என் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள், எனக்கு அந்தக் கோடு நிம்மதியாக இருந்தது. மற்ற இருபத்துமூன்று பேர் என்ன போட்டார்கள் என்று கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டாள். வராந்தாவுக்கு வந்தால் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையிலேயே இவர் நிற்கிறார், தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் நிச்சயத்துக்கு வாங்கின பழப்பை, வாழ்க்கையில் முதல் தடவையாக நேரத்துக்கு வந்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. பழப்பையைப் பெஞ்சில் வைத்தார்.

"எத்தன போட்ட?" என்றார்.

"மூச்சு வந்ததுக்கெல்லாம் ரெண்டு. ஒண்ணுக்கு ஒண்ணு. கோவமா இருக்குதுங்க அது. எதுக்குங்க அதப் போயி எடுத்தீங்க?"

அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். தன் மூச்சைப் போட்டுப் பார்த்தாராம், மாணவர்கள் மூச்சு, யோகா மாஸ்டர் ஒருத்தர் மூச்சு, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாராம். "அவங்க எல்லாரும் மூச்சு விடறதுக்காக விட்டாங்க கோதை. நீ மட்டுந்தான் என்னமோ சொல்லறதுக்கு மூச்சு வாங்கின. அத வெச்சதுக்கப்பறந்தான் குழல் பேச ஆரம்பிச்சுது." அப்புறம் என்னைப் பார்க்காமல், "என்ன சொல்ல வந்தீன்னு எனக்குத் தெரியும். தெனமும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கல்லூரி வராந்தாவில் அதெல்லாம் முடியாது, அதனால் மூன்று மணி பஸ் போகட்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, தட்டு மாற்றும்போது நீ நிற்க வேண்டுமே என்றார். அங்கே நிற்க நாலு அத்தை இருக்கிறார்கள், இங்கே இருபத்துநாலாவது ஆள்தான் இல்லை என்று சொல்லிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். கேம்பஸில் நாய்கூட இல்லை என்று நினைத்தது தப்பு, மாடியில் ஒருத்தர் ஸ்டூல் மேல் நின்று ஏசி கழுவிக்கொண்டிருந்தார், நாற்பது நாற்பத்தைந்து வயது, சட்டைப்பையில் அந்தோணிராஜ் என்று தைத்திருந்தது. புல்லாங்குழல் கேட்பீர்களா என்றதற்கு, எது கொடுத்தாலும் கேட்பேனுங்க என்றார். வேலு சாரைத் தெரியுமா, சொந்தமா, சொந்தத்துக்குச் சொந்தமா, சாமி சத்தியமா இல்லையா என்று நான் மூன்று தடவை கேட்டதில் அவர் பயந்துபோய் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

ஷெரின் எங்களைத் துரத்திவிட்டாள். இவரைக் கீழே புங்கமரத்தடிக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் வராந்தா முனையில், கதவின் சதுரக் கண்ணாடி தெரிகிற தூரத்தில் நின்றேன், அவ்வளவுக்கு அவள் விட்டாள். அந்தோணிராஜின் முதுகு தெரிகிறது. அந்த ஹெட்போன் மாட்டின முதுகு. முதல் துண்டுக்கு அசையவில்லை, ஏதோ ஒரு வட்டத்தை அழுத்தினார். இரண்டாவதற்கும் அசையவில்லை. செல்போன் அடிக்கிறது, தம்பி, எடுக்கவில்லை. மூன்றாவதில் அந்தோணிராஜ் சட்டென்று நிமிர்ந்தார், நாற்காலியோடு பாதி திரும்பி, காலியாக இருந்த அறையில் தனக்குப் பின்னால் யாரோ ஏதோ சொல்ல வந்து நிற்கிறார்கள் என்பது போலப் பார்த்தார்.